குப்பைக் குழியிற் கிடைத்த நகரம்

ஒரு பெருநகரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் நிமிர்ந்த கட்டடங்களையே முதலிற் பார்க்கின்றனர். நியூயோர்க் நகரத்தைப் பற்றி எழுதியோரும் இதற்கு விலக்கல்லர். 1883 ஆம் ஆண்டிற் திறக்கப்பட்ட புரூக்ளின் பாலம், 1886 ஆம் ஆண்டிற் துறைமுகத்தில் எழுந்த சுதந்திர தேவியின் சிலை, 1931 ஆம் ஆண்டில் விண்ணைத் தொட்ட எம்பயர் ஸ்டேட் மாளிகை என்று அவர்கள் வரிசைப்படுத்துவர். ஆனால், அப்பாலத்துக்குக் கல் சுமந்தவன் மாலையில் எந்த அறைக்குத் திரும்பினான்? எந்தக் கோப்பையில் தேநீர் அருந்தினான்? அவன் மனைவி இரவு விளக்கின் முன் எதைத் தைத்துக்கொண்டிருந்தாள்? அவன் பிள்ளைகள் எவற்றை வைத்து விளையாடினார்கள்? இக்கேள்விகளுக்குப் பாலமும் சிலையும் விடை கூறமாட்டா.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது பழமொழி. நியூயோர்க்கிலும் ஏழையின் சொல் ஏறவில்லைத்தான். ஆயினும், அவனுடைய உடைந்த பீங்கானும், அவன் உறங்கிய பலகையின் நிழற்படமும், அவன் வீட்டுச் சுவரில் ஒட்டிய பூத்தாளும் காலந் தாழ்த்தியேனும் அம்பலம் ஏறியிருக்கின்றன. அவை எவ்வாறு ஏறின, ஏறியவை எவ்வளவு எளிதில் மீண்டும் அழியக்கூடியன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இருளில் வெடித்த ஒளி

மன்ஹற்றன் தீவின் தென்பகுதியில் சில வீதிகள் கூடும் சந்தியொன்றில் ஐந்து மூலைகள் அமைந்திருந்தன. அதனால் அச்சுற்றுப்புறம் முழுவதற்கும் ஐந்துமுனை என்னும் பெயர் வழங்கிற்று. அயர்லாந்திலிருந்து பஞ்சத்துக்குத் தப்பி வந்தோர், ஜேர்மானியர், யூதத் தையற்காரர், விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் ஆகியோர் அங்கே நெருங்கி வாழ்ந்தனர். 1842 ஆம் ஆண்டில் ஆங்கில நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸ் இரண்டு பொலிஸ்காரரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவ்விடத்தைப் பார்வையிட்டார். அவர் தம் பயண நூலில் தீட்டிய இருண்ட சித்திரம் உலகெங்கும் பரவியது. குடியும் களவும் அழுக்குமே ஐந்துமுனை என்பது படித்தவர் மனத்திற் பதிந்துவிட்டது.

டிக்கன்ஸ் சொல்லால் எழுதியதை ஒளியால் எழுத வந்தவர் ஜேக்கப் ரீஸ். டென்மார்க்கில் 1849 ஆம் ஆண்டிற் பிறந்து, 1870 ஆம் ஆண்டில் அமெரிக்கா சேர்ந்தவர். தொழிலின்றிப் பசியோடு அலைந்த நாட்களில் பொலிஸ் நிலையத்து இலவச விடுதியில் ஓரிரவு ஒதுங்கினார். அன்று தம்மோடு வந்த நாயைப் பொலிஸ்காரன் ஒருவன் அடித்துக் கொன்றதை அவர் தம் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. பின்னர் பத்திரிகை நிருபராகிப் பொலிஸ் செய்திகளைத் திரட்டும் பணியில் அமர்ந்தார். இரவு தோறும் அவர் கண்ட காட்சிகளை எழுத்தில் வடித்தும் எவரும் அசையவில்லை. கண்ணாற் காட்டினாலன்றி இவர்கள் நம்பார் என அவருக்குத் தோன்றிற்று. ஆனால் அக்காலத்துப் படப்பெட்டி இருளிற் குருடு.

1887 ஆம் ஆண்டில் ஜேர்மானியர் இருவர் மக்னீசியத் தூளை வேறு உப்புகளுடன் கலந்து, கண நேரத்திற் பேரொளி தரும் வெடிதூளொன்றை ஆக்கினர். ரீஸ் அச்செய்தியைப் பத்திரிகையிற் படித்தவுடன் தம் வழி பிறந்ததெனக் கண்டார். முதலில் அத்தூளைக் கைத்துப்பாக்கி போன்ற கருவியால் வெடித்தனர். நள்ளிரவில் அந்நியர் துப்பாக்கியோடு நுழைவதைக் கண்டு மக்கள் அஞ்சி ஓடவே, அவர் அதனை விட்டுப் பொரிக்கும் தட்டொன்றிலே தூளை இட்டுக் கொளுத்தலானார். ஏழைகளின் வாழ்வை உலகுக்குக் காட்டிய ஒளி ஓர் அடுக்களைத் தட்டிலிருந்து எழுந்தது என்பது நினைக்கத்தக்கது. அவ்வொளியால் இருமுறை தாம் நுழைந்த வீட்டுக்கும், ஒருமுறை தமக்கே கூடவும் தீ மூட்டிக்கொண்டதாக அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அப்படங்களுள் ஒன்றை மட்டும் இங்கே கூறுவோம். பதின்மூன்று அடி நீள அகலமும் இல்லாத ஓர் அறை. அதில் ஆணும் பெண்ணுமாகப் பன்னிரண்டு பேர் இரவைக் கழிக்கின்றனர். தலைக்கு ஐந்து சதம் வாடகை. சிலர் பலகைத் தட்டுகளிலும் ஏனையோர் தரையிலும் கிடக்கின்றனர். திடீரென்று வெடித்த ஒளியில் ஒருவன் கண்ணைச் சுருக்குகிறான். மூட்டைகளும் சப்பாத்துகளும் சட்டிகளும் சுற்றிலும் கிடக்கின்றன. பாதி உறக்கம் கலைந்த அம்முகங்களைப் பார்த்தவர்கள் தம் உறக்கத்தை இழந்தனர்.

1890 ஆம் ஆண்டில் வெளியான ரீஸின் நூல், மறுபாதி மக்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்னும் பொருளைத் தன் தலைப்பாகவே கொண்டிருந்தது. பிற்காலத்தில் நாட்டின் தலைவராக உயர்ந்த தியோடர் ரூஸ்வெல்ட், 1895 ஆம் ஆண்டில் நகரப் பொலிஸ் ஆணைக்குழுவின் தலைவரானபோது ரீஸுடன் இரவில் வீதி வீதியாகச் சென்றார். ரீஸ் ஒரு காலத்தில் ஒதுங்கிய அவ்விடுதி முறை 1896 ஆம் ஆண்டில் ஒழிந்தது. ஐந்துமுனையின் ஓரத்திலிருந்த மல்பெரி வளைவு என்னும் நெருக்கடியான குடியிருப்பு இடிக்கப்பட்டு, 1897 ஆம் ஆண்டில் அவ்விடத்திற் பூங்காவொன்று திறக்கப்பட்டது. ஒரு நூலும் சில கண்ணாடித் தகடுகளும் இவ்வளவைச் செய்தன எனில் அது சிறிய காரியமன்று.

எனினும், ரீஸின் படங்களை ஆராய்வோர் மனத்தில் ஒரு வினா எழாமற் போகாது. உறங்குவோரை வெடியோசையால் எழுப்பி எடுத்த படத்தில் இருப்பது அவர்களுடைய வாழ்வா, அன்றி அவர்கள் திடுக்கிட்ட ஒரு கணமா? சீனரையும் யூதரையும் இத்தாலியரையும் பற்றி அவர் எழுதியுள்ள சில பகுதிகள் இன்று படிப்போரை முகஞ்சுளிக்க வைப்பன. இரக்கம் அவரிடம் மிகுதியாக இருந்தது. சமமாக வைத்துப் பேசும் மனம் அவ்வளவு இருக்கவில்லை. அவருடைய படங்களில் ஏழைகள் சாட்சிப் பொருளாக நின்றனரேயன்றிச் சாட்சி கூறவில்லை.

தொழிற்சாலையான வீடு

இக்குறையை ஓரளவு நீக்கியவர் லூயிஸ் ஹைன். 1874 ஆம் ஆண்டிற் பிறந்த இவர் நியூயோர்க்கிற் பாடசாலை ஆசிரியராயிருந்தவர். 1904 ஆம் ஆண்டு முதல் எலிஸ் தீவில் வந்திறங்கிய குடியேறிகளை, அவர்கள் நிமிர்ந்து நின்று கமெராவை நேரே நோக்கும் வண்ணம் படமெடுத்தார். 1908 ஆம் ஆண்டில் தேசிய சிறுவர் தொழிற் குழுவின் படப்பிடிப்பாளராகி, ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்த குழந்தைகளைத் தேடி நாடெங்கும் அலைந்தார்.

நியூயோர்க்கில் அவர் எடுத்த படங்களுட் பல வீட்டுக்குள்ளேயே எடுக்கப்பட்டவை. ஒரு மேசை, அதைச் சுற்றித் தாயும் பிள்ளைகளும், மேசை நிறையச் செயற்கைப் பூக்கள். நாகரிகச் சீமாட்டிகளின் தொப்பிகளை அலங்கரிக்கும் பொருட்டு, பால்மணம் மாறாத விரல்கள் காகிதத் தண்டில் இதழ்களைக் கோக்கின்றன. வேறொரு படத்திற் குடும்பமே அமர்ந்து கொட்டைகளை உடைத்துப் பருப்பெடுக்கிறது. உண்ணும் மேசையே வேலை மேசையாகவும் இருந்த வாழ்வு அது. எடுத்த படத்தோடு குழந்தையின் வயது, வேலை, கூலி ஆகியவற்றையும் ஹைன் குறித்து வைத்தார். அலுவலர் அறியாதவாறு பையினுள் கைவிட்டுக் குறிப்பெழுதியதும், தம் மேற்சட்டைப் பொத்தான்களை அளவாகக் கொண்டு குழந்தையின் உயரத்தைக் கணித்ததும் உண்டு. சிறுவர் உழைப்பைக் கட்டுப்படுத்தும் கூட்டாட்சிச் சட்டம் நிலைபெற 1938 ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. ஹைன் 1940 ஆம் ஆண்டிற் சொந்த வீட்டையும் இழந்து வறுமையில் மறைந்தார்.

மண்ணுக்குள் இருந்த மறுமொழி

படங்கள் கூறியதற்கு மறுமொழி மண்ணுக்குள் இருந்து வந்தது. 1991 ஆம் ஆண்டில், ஐந்துமுனை இருந்த நிலப்பகுதியிற் புதிய நீதிமன்றம் கட்டுவதற்கு முன்பு தொல்பொருள் ஆய்வாளர் அகழத் தொடங்கினர். பழைய வீடுகளின் பின்புறத்திலிருந்த மலக்குழிகளும் தூர்ந்த கிணறுகளும் அவர்களுக்குப் புதையலாயின. உடைந்ததையும் வேண்டாததையும் மக்கள் வீசியெறிந்த குழிகள் அவை. குப்பையிலும் குன்றிமணி கிடக்கும் என்பார்கள். இங்கே குப்பையே குன்றிமணியாயிற்று. ஏறத்தாழ 8,50,000 பொருள்கள் வெளிவந்தன.

பூவேலைப்பாடமைந்த ஆங்கிலப் பீங்கான் தட்டுகள், தேநீர்க் கோப்பைகள், மருந்துப் புட்டிகள், களிமண் சுங்கான்கள், சிறுவரின் கோலிக்குண்டுகள், பொம்மைகள், பூச்சாடிகள், தையல் ஊசிகள், துணித் துண்டுகள் ஆகியன அவற்றுள் இருந்தன. பூச்சாடி வைத்துச் செடி வளர்த்தவளை வெறும் குடிகாரி என்று எழுதிவிட்டுப் போகலாமா? தட்டையும் கோப்பையையும் ஒரே பாங்கிற் தேடி வாங்கி மேசையை அழகு செய்தவனைக் கள்வன் என்ற ஒரே சொல்லில் அடக்கலாமா? கோப்பையொன்றிற் காணப்பட்ட உருவம் அயர்லாந்தில் மதுவிலக்குப் பிரசாரஞ் செய்த பாதிரியார் மத்தியுவினுடையது. குடிக்குப் பேர்போன இடமென்று உலகம் இகழ்ந்த சேரியில், மதுவிலக்குக் கோப்பையிலே தேநீர் பருகியோரும் வாழ்ந்தனர்.

இதனால் வறுமை பொய்யென்று ஆகிவிடாது. நெருக்கடியும் நோயும் குழந்தை மரணமும் உண்மையே. ஆனால் அவற்றின் நடுவிலும் மனிதர் மனிதராகவே வாழ முயன்றனர் என்பதை டிக்கன்ஸின் பேனாவும் ரீஸின் ஒளியும் காட்டவில்லை. குப்பைக் குழி காட்டிற்று.

அதே 1991 ஆம் ஆண்டில் சற்றுத் தொலைவில் இன்னோர் அரசாங்கக் கட்டடத்துக்கு அத்திவாரம் தோண்டியபோது, பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஆபிரிக்க அடிமைகளைப் புதைத்த மயானம் வெளிப்பட்டது. 419 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. ஒரு பெண்ணின் இடையைச் சுற்றி நூற்றுக்கு மேற்பட்ட மணிகள் கோத்த சரம் கிடந்தது. பெயரும் உரிமையும் பறிக்கப்பட்ட ஒருத்தியிடம் அம்மணிகளை மட்டும் எவரும் பறித்திலர். 2003 ஆம் ஆண்டில் அவ்வெலும்புகள் மரியாதையுடன் மீண்டும் அடக்கஞ் செய்யப்பட்டன. 2006 ஆம் ஆண்டில் அவ்விடம் தேசிய நினைவிடமாகப் பிரகடனம் பெற்றது.

ஐந்துமுனைப் பொருள்களின் கதை அவ்வாறு முடியவில்லை. அவை ஆராயப்பட்டு, உலக வர்த்தக மையத்தின் ஆறாம் இலக்கக் கட்டடத்து நிலவறையில் வைக்கப்பட்டிருந்தன. 2001 ஆம் ஆண்டு செப்டெம்பர் 11 ஆந் திகதி கோபுரங்கள் சரிந்தபோது அந்நிலவறையும் அழிந்தது. நூற்றைம்பது ஆண்டுகள் மலக்குழியிற் பத்திரமாக இருந்த கோப்பைகள், பத்தாண்டுகள்கூடப் பாதுகாப்பறையில் நிலைக்கவில்லை. கண்காட்சியொன்றுக்கு இரவல் கொடுக்கப்பட்டிருந்த 18 பொருள்கள் மாத்திரம் தப்பின. மதுவிலக்குப் பாதிரியாரின் கோப்பை அவற்றுள் ஒன்று. அந்நாளில் இழந்த ஆயிரக்கணக்கான உயிர்களின் முன் உடைந்த பீங்கானைப் பற்றிப் பேசுவது தகாது என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், தம்மைப்பற்றி ஒரு வரியும் எழுதிவைக்காத மக்களின் வாக்குமூலம் அங்கே இரண்டாம் முறை புதைந்தது என்பதை மறப்பதற்கில்லை. அகழ்ந்தோர் எழுதிய விரிவான அறிக்கையும் அவர்கள் எடுத்த படங்களுமே இன்று எஞ்சியுள்ளன. ஒரு காலத்திற் பொருளின் துணை படத்துக்குத் தேவைப்பட்டது. இப்போது பொருளுக்குப் படமே துணை.

ஓர்ச்சாட் வீதி 97

மண்ணுக்குள் அன்றி, மாடிப்படிகளின் மேல் அடைபட்டுக் கிடந்த வாழ்வும் ஒன்றுண்டு. ஓர்ச்சாட் வீதி 97 ஆம் இலக்க வீடு 1863 ஆம் ஆண்டில் ஜேர்மானியத் தையற்காரரொருவராற் கட்டப்பட்ட அடுக்கு மனை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்று சிற்றறைகள். பரப்பு ஏறத்தாழ 325 சதுர அடி. வெளிக்காற்று நேரே வரும் யன்னல் ஓரறைக்கு மட்டுமே. மலகூடமும் தண்ணீரும் பின்முற்றத்தில் இருந்தன. 1901 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே மலகூடம் வீட்டினுள் வந்தது. இத்தகைய இடத்தில் 1935 ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ 7,000 பேர் மாறி மாறி வாழ்ந்தனர்.

1935 ஆம் ஆண்டில், சட்டம் வேண்டிய திருத்தங்களைச் செய்ய விரும்பாத சொந்தக்காரர் குடியிருந்தோரை வெளியேற்றி மேல்மாடிகளை அடைத்துவிட்டார். கீழே கடைகள் மட்டும் நடந்தன. 1988 ஆம் ஆண்டில், குடியேறிகளுக்கு ஒரு நூதனசாலை அமைக்க இடந்தேடிய பெண்கள் இருவர் அவ்வீட்டைக் கண்டனர். அரை நூற்றாண்டாக மனிதர் புழங்காத அறைகள் அப்படியே கிடந்தன. ஒவ்வொரு குடும்பமும் குடிவந்தபோது ஒட்டிய சுவர்த்தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. சுவர் இருந்தாலன்றோ சித்திரம் எழுதலாம் என்பர். இங்கே சுவரே சித்திரமாகிவிட்டது. தரைப்பலகைகளின் கீழிருந்து பொத்தான்களும் விளையாட்டுப் பொருள்களும் காகிதத் துண்டுகளும் வெளிவந்தன.

அவ்வீட்டில் வாழ்ந்த ஜேர்மானியப் பெண்ணொருத்தியின் கதையை நூதனசாலையார் ஆவணங்களிலிருந்து மீட்டெடுத்துள்ளனர். 1874 ஆம் ஆண்டில், நாடெங்கும் தொழில் முடங்கியிருந்த வேளையில், அவள் கணவன் காலையில் வேலைக்கென்று புறப்பட்டான், திரும்பி வரவேயில்லை. நான்கு குழந்தைகளுடன் நின்றவள் அதே மூன்றறைகளில் ஊரவர்க்கு உடை தைத்துப் பிழைத்தாள். ஒன்பது ஆண்டுகளின் பின், கணவனின் தந்தை விட்டுச்சென்ற 600 டொலரைப் பெறுவதற்காக, கணவன் இறந்துவிட்டானென நீதிமன்றத்திற் தீர்ப்புப் பெற வேண்டியதாயிற்று. இன்று அவ்வறையில் நிறுத்தப்பட்டுள்ள தையல் இயந்திரத்தைக் காண்போர், பேரரசர் வாளைக் காண்பதைப் போலவே மௌனமாக நிற்கின்றனர்.

ஐந்து சத நாணயமும் வரிப்படங்களும்

அன்றாட வாழ்வு துயரத்தால் மட்டும் ஆனதன்று. 1904 ஆம் ஆண்டிற் தொடங்கிய சுரங்கப் புகையிரதத்திற் பயணக் கட்டணம் ஐந்து சதம். 1948 ஆம் ஆண்டு வரை அது மாறவில்லை. 1912 ஆம் ஆண்டில் டைம்ஸ் சதுக்கத்திற் திறக்கப்பட்ட தானியங்கி உணவுச்சாலையிலும் அதே ஐந்து சத நாணயமே ஆட்சி செய்தது. சுவரிற் சிறு கண்ணாடிக் கதவுகள். நாணயத்தை இட்டுக் குமிழைத் திருப்பினாற் கதவு திறக்கும். பணியாரமோ பாணோ கைக்கு வரும். டொல்பின் தலை வடிவான குழாயிலிருந்து கோப்பி வழியும். வேலை தேடுவோனும் வங்கி முதலாளியும் ஒரே மேசையில் அமர்ந்தனர். கோப்பியின் விலை 1950 ஆம் ஆண்டு வரை உயரவில்லை. கடைசிச் சாலை 1991 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. புகையிரதம் ஏறுவதற்கு 1953 ஆம் ஆண்டில் வந்த சிறு உலோக வில்லையும் 2003 ஆம் ஆண்டுடன் வழக்கொழிந்தது. நேற்றுவரை சட்டைப்பையிற் குலுங்கியது இன்று நூதனசாலைப் பேழையிற் கிடக்கின்றது.

இம்மாற்றத்தின் வேகத்தை முன்னரே உணர்ந்தவர் பெரெனிஸ் அபொட் என்னும் பெண்மணி. பாரிஸில் எட்டாண்டுகள் அளவில் வாழ்ந்துவிட்டு 1929 ஆம் ஆண்டிற் திரும்பியவர், தாம் விட்டுச்சென்ற நகரம் வேறாகிவிட்டதைக் கண்டார். 1935 ஆம் ஆண்டு முதல் அரசாங்கக் கலைத்திட்டத்தின் ஆதரவில், பாண் குவிந்த கடை யன்னல், வாளியும் கயிறும் வாசலில் தொங்கும் இரும்புக்கடை, தானியங்கி உணவுச்சாலை ஆகியவற்றை நிதானமாகப் படமெடுத்தார். அவற்றின் தொகுப்பு 1939 ஆம் ஆண்டில் நூலாயிற்று.

அதே ஆண்டில், கலையெண்ணம் சிறிதுமின்றி, வரி மதிப்பிடும் பொருட்டு நகராட்சி தன் எல்லையிலிருந்த ஒவ்வொரு கட்டடத்தையும் படமெடுக்கத் தொடங்கிற்று. 1941 ஆம் ஆண்டுக்குள் ஏறத்தாழ 7,20,000 படங்கள் சேர்ந்தன. கட்டடத்தின் முன் இலக்கப் பலகை. படமெடுப்போர் வேண்டியது அவ்வளவே. ஆனால் பலகையின் அருகில் எதிர்பாராமற் சிறுவனொருவன் சிரிக்கிறான். ஒருத்தி யன்னலிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். வாசற்படியிற் கிழவரொருவர் குந்தியிருக்கிறார். 2018 ஆம் ஆண்டில் அப்படங்கள் யாவும் இணையத்திற் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. பாட்டனார் வாழ்ந்த வீட்டைப் பேரப்பிள்ளைகள் வரித்துறையின் படத்திலே தேடிக் காணுகின்றனர். வரி வாங்கிய அரசாங்கம், தான் அறியாமலே ஒரு கடனைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது.

பரண்மேற் கிடந்த தகடுகள்

இவை பிழைத்த வகையை நினைத்தால் வியப்பினும் அச்சமே மேலெழுகின்றது. ரீஸ் தம்மை ஒரு படக்கலைஞராகக் கருதியதேயில்லை. 1914 ஆம் ஆண்டில் அவர் இறந்த பின் அவருடைய கண்ணாடித் தகடுகள் வீட்டுப் பரணிற் தூசியடைந்து கிடந்தன. அலெக்சாண்டர் அலண்ட் என்னும் படப்பிடிப்பாளர் விடாது தேடியதன் பயனாக, 1946 ஆம் ஆண்டில் அவை நியூயோர்க் நகர நூதனசாலையை அடைந்தன.

அலிஸ் ஒஸ்டின் என்னும் சீமாட்டியின் கதை இதனிலும் உருக்கமானது. செல்வக் குடும்பத்திற் பிறந்த அவர், 1890களிற் கனமான கருவிகளைத் தாமே சுமந்து சென்று தபாற்காரர், பத்திரிகை விற்கும் சிறுவர், வீதி கூட்டுவோர், கந்தல் பொறுக்குவோர் ஆகியோரை வீதியிலேயே படமெடுத்தார். 1929 ஆம் ஆண்டுப் பங்குச்சந்தை வீழ்ச்சி அவர் செல்வத்தை விழுங்கியது. 1945 ஆம் ஆண்டில் வீட்டை இழந்தார். 1950 ஆம் ஆண்டில் ஏழைகளுக்கான அரசாங்க விடுதியை அடைந்தார். உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தார் காப்பாற்றி வைத்த அவருடைய தகடுகளை ஆராய்ச்சியாளர் கண்டு 1951 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வந்த பணத்தில் அம்முதியவர் அவ்விடுதியை விட்டு நல்லதோர் இல்லத்துக்கு மாறினார். அடுத்த ஆண்டில் மறைந்தார். வீதியோரத்து ஏழைகளை அவர் படமெடுத்துக் காத்தார். இறுதி நாட்களில் அப்படங்கள் அவரைக் காத்தன.

பெருங்கட்டடங்களைக் காக்கச் சட்டமும் பணமும் எக்காலத்தும் கிடைக்கும். பரணிற் கிடக்கும் தகட்டுக்கும், குழியிற் கிடக்கும் கோப்பைக்கும், சுவரில் உரிந்து தொங்கும் பூத்தாளுக்கும் அத்தகைய காவல் இல்லை. எவரோ ஒருவர் இதை எறியவேண்டாம் என்று சொல்லும் அந்த ஒரு சொல்லிலேதான் அவற்றின் உயிர் இருக்கிறது. நியூயோர்க்கில் அச்சொல்லைச் சொன்னவர்கள் மிகச் சிலரே. அச்சிலரால்தான், வேலைக்குப் போனவன் திரும்பாத ஒரு வீட்டின் கதையையும், ஐந்து சதத்துக்கு உறங்கிய பன்னிருவரின் முகங்களையும் இன்று நாம் அறிகின்றோம். எட்டரை இலட்சத்தில் எஞ்சிய பதினெட்டுப் பொருள்களும் அப்படிச் சொல்லாத வேளைகளில் நாம் எவ்வளவை இழந்தோம் என்பதை அமைதியாகக் கூறிக்கொண்டிருக்கின்றன.